பூவைத் தொட்டேன், நாள் போனது

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மூன்றாம் நாள் உபயம் எங்கள் வீட்டுடையது. மாமனார் காலத்திலிருந்தே அப்படித்தான். போன வருடம் உபயங்களைக் கைப்பேசியில் பார்க்க ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள் கோயில்காரர்கள். செய்து கொடுத்தது என் மருமகள். இதே தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பிறந்தவள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள்.

நாளுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்குள் சின்னதாய் ஒரு பூ. பூவைத் தொட்டால் உபயக்காரர் பெயர் வரும். பெட்டியைத் தொட்டால் காலியான நாளை எடுக்கலாம், எடுத்ததை விடலாம். எங்கள் பெயரைப் பார்க்கும் ஆசையில் பூவைத்தான் தொட்டேன். பெயர் வந்து பெட்டியை மறைத்தது. மூடி வைத்துவிட்டேன். மறுநாள் அங்கே சம்பந்தி வீட்டுப் பெயர்!

சம்பந்தியம்மாள் ஓர் உபயத்துக்கு வெகுகாலமாய்க் காத்திருந்தவர். பக்கம் செய்தது மகள், நாளை எடுத்தது அம்மா. மருமகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டே விட்டேன்.

"ஒங்கம்மாவுக்கு நாள் கெடச்சிருச்சு போல?"

"நீங்கதான அத்தை விட்டீங்க? இந்த வருசம் ஒங்களுக்கு முடியலன்னு நெனச்சேன்லா."

"நான் பூவத்தான் தொட்டேன்."

"அது எப்படி? இந்தாங்க, முதல் நாள்ல தொட்டுக் காட்டுங்க."

"வேற பெட்டி வேணாம். மூணாம் நாளையே தொடறேன்."

பக்கம் செய்தவள் என்பதால் அவளுடைய கம்ப்யூட்டரில் யாருடைய பெட்டியும் திறக்கும். பூவைத் தொட்டேன். சம்பந்தி பெயர் வந்தது. அதை மூடியதும், பெட்டி வெள்ளையாய்க் காலியாகிக் கிடந்தது.

"அய்யய்யோ, எங்கம்மா கொல்லப் போறாங்க!" என்று சிரித்தாள். "பூ பெட்டிக்குள்ளதான இருக்கு அத்தை. பூவத் தொட்டா அது அப்படியே மேல ஏறி பெட்டிக்கும் போயிருது. பூவோட நின்னுக்கன்னு நான் எழுதல."

"கங்காணிகிட்ட சொன்னது துரை வரைக்கும் போற மாதிரியா?"

"அதேதான்லா!"

எழுத மறந்தாளா, மறந்ததுபோல் இருந்தாளா? அம்மா பெயரே போனதற்குச் சிரிக்கிறாளே என்றும் தோன்றியது.

"இப்ப பெட்டியத் தொட்டு நாள எடுங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

எடுத்தேன். அவள் ஒரு வரி எழுதிச் சேர்த்தாள்.

"இப்ப பூவத் தொடுங்க அத்தை."

"நீயே தொடு."

தொட்டாள். பெயர் மட்டும் வந்தது, பெட்டி அசையவில்லை.

ஆனாலும் கொடியேறும் வரை தினமும் அந்தப் பக்கத்தை அவளையே திறக்கச் சொல்லிப் பார்த்தேன், என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.