ராசி மேக்னட்

பெரம்பலூரில் நான் ஆய்வு செய்த கல்லூரியில் எனக்கும் என் தோழிக்கும் சேர்த்து ஒரே ஒரு ராசி மேக்னட் இருந்தது. வெள்ளை உறை போட்ட சின்னக் காந்தம். குடுவைக்குள் போட்டால் அடியில் இருக்கும் இயந்திரம் அதைச் சுழற்றிக் கரைசலைக் கலக்கும். புது மேக்னட்டுகள் டப்பா நிறையக் கிடந்தன. யார் தொட்டார்கள்?

மின்சாரம் கடத்தும் பாலிமர்தான் என் ஆய்வு. கரும்பச்சைத் தூள். அதற்குள் வெள்ளியை நானோ துகள்களாகப் பொதித்து வினையூக்கியாக்க வேண்டும். ஒரு மஞ்சள் கரைசலில் சிட்டிகை போட்டால், வெள்ளி வேலை செய்து மஞ்சளைப் போக்கிவிடும். எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு பெருமை. ராசி மேக்னட் போட்டால் ஐந்தே நிமிடம்.

தோழி சிறுவாச்சூரிலிருந்து வருவாள். அவள் ஊர்க் கோயில் திறக்கும் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் குங்குமத்தோடு வந்து இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பாள். "கெமிஸ்ட்ரி படிச்சவ பண்ற வேலையாடி இது?" என்று கேலி செய்வேன். ஆனால் முக்கியமான சோதனைகளை அந்த நாட்களுக்கே தள்ளிவைப்பேன்.

ஆய்வேடு கொடுக்க ஒரு மாதம் இருந்தபோது, வெள்ளியே சேர்க்காத வெறும் பாலிமரையும் அதே ராசி மேக்னட்டைப் போட்டுக் கடமைக்குச் சோதித்தேன். மஞ்சள் மாறவே கூடாது. ஐந்து நிமிடத்தில் மாறிவிட்டது. வெள்ளி இல்லாமலே நிறம் போகிறதென்றால் என் மூன்று வருட உழைப்பு எதற்கு?

தோழி மேக்னட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். உறையின் கீறல்களில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. பழைய சோதனைகளின் வெள்ளியெல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறது.

"ராசி இல்லடி, வெள்ளி," என்றாள்.

வந்த ஆத்திரத்தில் அவள் வைத்த பொட்டை அழித்தேன். அவளோ டப்பாவிலிருந்து இரண்டு புது மேக்னட்டுகளை எடுத்து நீட்டினாள். "போடு. பாத்துருவோம்."

வெறும் பாலிமர் போட்ட குடுவை மஞ்சளாகவே இருந்தது. வெள்ளி சேர்த்த குடுவையும் அப்படியேதான் இருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம்.

"போச்சுடி எல்லாம்."

"இரு, டீ வாங்கிட்டு வரேன்," என்றவள் நகரவே இல்லை. பக்கத்திலேயே நின்றாள். நாற்பதாவது நிமிடம் வெள்ளி சேர்த்த குடுவை தண்ணீராகத் தெளிந்தது. அவள் பையிலிருந்த குங்குமத்தை வாங்கி நானே இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தேன்.

முந்தைய சோதனைகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தோம். ஆய்வேட்டில் நாற்பது நிமிடம் என்றே எழுதினேன். "இன்னும் வேகமா வராதாம்மா?" என்று கேட்ட தேர்வாளரிடம், "வராதுங்க சார்," என்றேன். பட்டம் கொடுத்தார்கள்.

இப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். இங்கே பெரும்பாலான முடிவுகளை இயந்திரமே காட்டிவிடுகிறது, பக்கத்தில் யாரும் நிற்கத் தேவையில்லை. அந்த நாற்பது நிமிடத்துக்காக மனம் ஏங்குகிறது. அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். போன வாரம் என் இழுப்பறையில் கிடக்கும் ராசி மேக்னட்டைப் படம் எடுத்து அனுப்பினேன்.

பதில் வந்தது: "அந்த டீய இன்னும் நான் வாங்கியாரலடி. இரு, வரேன்."