கோடிச் சேலையும் பிரேக் ஆயிலும்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், போடிமெட்டிலிருந்து தேனிப் பக்கம் இறங்கும் மலைப்பாதையில் நடந்தது இது. என் தங்கையின் கணவர் முந்தைய நாள் இறந்துபோயிருந்தார். போடியைத் தாண்டி ஒரு கிராமத்தில் அவர்கள் வீடு. நானும் தம்பியும் சின்னக்கானலிலிருந்து அவனுடைய காரில் புறப்பட்டோம். எங்கள் வழக்கத்தில், கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அதுவும் உடலை எடுப்பதற்கு முன்னால். பெற்றோர் போய்விட்ட பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நாங்கள் இருவர்தான். பூப்பாறையில் ஒரு துணிக்கடைக்காரரை எழுப்பிச் சேலை வாங்கியதிலேயே நேரம் போயிருந்தது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவைக் கவனித்து ஓய்வு பெற்றவன். எந்த இயந்திரத்தை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிய ஆள். அவற்றை யாரும் படித்ததில்லை என்பது எனக்கும் தெரியும். தம்பி சுற்றுலாப் பயணிகளுக்கு அறை பிடித்துக் கொடுப்பவன். அவன் கார் எப்போதும் கண்ணாடி மாதிரி மின்னும். வெள்ளிக்கிழமை தவறாமல் முன்பக்கத்தில் எலுமிச்சை மாற்றுவான். பிரேக் ஆயிலை மட்டும், வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லை. "குறையவே இல்லையேண்ணே, எதுக்கு மாத்தணும்?" என்பான். அது குறையாமலே கெடும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிரேக் சூடானால் கொதித்துப் பிடிப்பே போய்விடும், எங்கள் ஊர் மழைக்கு இன்னும் சீக்கிரம் கெடும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னொரு நோட்டீஸ், அவ்வளவுதான்.

அன்று நான் ஓட்ட முடியாத நிலை. கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. போடிமெட்டைத் தாண்டியதும் அவன் கியரை நியூட்ரலில் தள்ளினான். எங்கள் மலையில் பாதிப்பேர் இப்படித்தான் இறங்குவார்கள்.

"கியர்ல இறங்குடா."

"இறக்கத்துக்கு எதுக்குண்ணே பெட்ரோலு? இந்த ரோட்டுல நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுவேன். நீங்க பேசாம வாங்க."

இந்தக் காலத்துக் கார்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோல் குடிப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் வந்தது. மைத்துனரின் அண்ணன் மகன். "மாமா, எங்கிட்டு வாரீங்க? பெருசுக எல்லாம் அவசரப்படுத்துறாக. மழை வேற இருட்டிக்கிட்டு வருது." தம்பி இன்னும் வேகமாக விட்டான். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்தியே பிடித்தான். கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகும் வாசனை வந்தது.

"அண்ணே, பிரேக்கு உள்ள போகுதுண்ணே" என்றான். குரலே மாறியிருந்தது.

"விட்டு விட்டு மிதி. மூணாவது போடு. இப்ப ரெண்டு. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தூக்கு, வெடுக்குன்னு இழுத்துராத. மலைப்பக்கம் ஒதுக்கு."

சொன்னதையெல்லாம் செய்தான். வாழ்க்கையில் முதல் முறையாக. கார் அலறிக்கொண்டே வேகம் குறைந்து, மலையோரத்து வாய்க்காலில் முன்சக்கரத்தை இறக்கிப் பாறையில் உரசி நின்றது. எதிர்ப்பக்கம் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மேலே வந்த ஜீப் ஒன்று நின்றது. பெண்கள் பத்துப் பேர் இறங்கினார்கள். "என்ன அண்ணாச்சி, காரு புல்லு மேய இறங்கிருச்சா?" என்று ஒரு அம்மாள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தி பின் சீட்டில் இருந்த கோடித் துணிப் பையைப் பார்த்துவிட்டு அவள் கையைக் கிள்ளினாள். சிரிப்பு நின்றது. எல்லோரும் சேர்ந்து காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். காலையில் அந்தப் பாதையில் ஜீப்புகள் எல்லாம் மேலேதான் போகும். இறங்கும் ஜீப் சாயங்காலம்தான். "மேலருந்து பஸ் ஒண்ணு இறங்கி வரணும், நில்லுங்க" என்று சொல்லிவிட்டு டிரைவர் கிளம்பினார்.

தம்பி பிரேக்கை மிதித்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "வந்துருச்சுண்ணே! கல்லு மாதிரி நிக்குது. ஏறுங்க."

"சூடு ஆறினா வரத்தான் செய்யும். நாலு வளைவு தாண்டினா மறுபடி போகும்."

"முதல் கியர்லயே ஊர்ந்து போயிருவோம். அக்கா அங்க வழியப் பாத்துக்கிட்டு இருக்கும்ணே."

"பாத்துக்கிட்டு இருக்கட்டும். நம்ம ரெண்டு வீட்டுக்கும் சேத்துக் கோடி வாங்க வச்சிராத."

நான் சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. மழை தொடங்கியது. அந்த இடத்தில் போனில் சிக்னல் இல்லை. இருவரும் ஒரே காருக்குள் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். பஸ் வந்தபோது நண்பகல் நெருங்கிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உடலை எடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பிறந்த வீட்டுக் கோடி வராததால், பக்கத்து வீட்டு அம்மாள் தன் பெட்டியிலிருந்து ஒரு புதுச் சேலை எடுத்துப் போர்த்தினாராம். தங்கை அதைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். என்னை எப்போதும் ஒருமையில் பேசுகிறவள், நிமிர்ந்து பார்த்து, "வழியில ரொம்பச் சிரமமா உங்களுக்கு? சாப்பிட்டுப் போங்க" என்றாள். பிரேக்கைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இறந்தவரின் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து பிரேக் ஆயில் கொதிப்பதை விளக்குவது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

பிறகு மெக்கானிக் காரின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். ஆயில் கஷாயம் மாதிரி கறுத்திருந்தது. பிரேக் கட்டைகள் கருகிக் கிடந்தன. "இதோட இன்னும் எறங்கியிருந்தா சொல்ல முடியாதுங்க" என்றார். சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். முதல் கியரில் மெல்ல ஊர்ந்து நாங்கள் நேரத்துக்குப் போயிருக்கவும் கூடும். தம்பி இன்றுவரை அப்படித்தான் நம்புகிறான். பிரேக் ஆயிலை மட்டும் இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறான், என்னிடம் சொல்லாமல்.

படிக்கிற நீங்களும் மாற்றுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அந்தக் கியரிலேயே இறங்குங்கள். நான் அன்று செய்தது சரிதான். மறுபடி அப்படி நேர்ந்தாலும் சாவியை எடுக்கத்தான் செய்வேன். ஆனால் நடக்காமல் போன விபத்தை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது. என் தங்கை பார்த்தது, பிறந்த வீட்டிலிருந்து யாரும் வராத வாசலை மட்டும்தான்.