மூன்று முறை திரும்பி வந்தவன்

போன செவ்வாய்க்கிழமை மாலதி போன் செய்தாள். விவாகரத்துக்குப் பிறகு அவள் என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டேன்... சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"வீட்டு லிஸ்ட்ல உங்க பேரு மறுபடியும் வந்திருக்கு. மூணு தடவ எடுத்துட்டேன். வேணும்னே பண்றீங்களா?"

சுருக்கென்றது. கெலாங் பாத்தாவில் நாங்கள் குடியிருந்த கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, யார் யார் எந்த வீட்டில் என்று பதிந்து வைக்கும் வெப்சைட்டை எழுதியவனே நான்தான். சந்தேகம் வருவது நியாயம். அதற்காக அந்த அளவுக்கா இறங்கிவிடுவேன்?

"நான் தொடவே இல்ல மாலதி."

"அப்ப யாரு தொட்டா?" — வைத்துவிட்டாள்.

இப்போது அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, யோங் பெங்கில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வெப்சைட்டைப் பார்த்திருக்கலாம். மறுநாள் காரை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கொண்டோ ஆபீஸில் கிளார்க் தேவி. "அண்ணே, எவ்ளோ நாளாச்சு லா!" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைக் கவனித்தேன். அரை மணி நேரத்தில் குற்றவாளி சிக்கினான். நான்தான்.

ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைக் கேட்பானேன் என்று, தேவி லாகின் செய்ததுமே எல்லா வீட்டு விவரத்தையும் ஒரு நகல் எடுத்து, அவள் உள்ளே இருக்கும்வரை நீடிக்கும் தற்காலிக நினைவான செஷனில் வைத்திருக்கும்படி எழுதியிருந்தேன். லாகவுட் செய்யும்வரை அந்த நகல் அப்படியே இருக்கும். தேவியோ லாகவுட் செய்வதே இல்லை! மாலதி தன் போனில் என் பெயரை எடுப்பாள். அவளுக்குப் பார்சல் வரும். தேவி அதைப் பதிந்து சேவ் அழுத்துவாள். என் பெயர் உள்ள பழைய நகல் மொத்தமும் புதிய விவரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்று பார்சல், மூன்று தடவை நான்.

கேட்கச் சோம்பல், தெரிந்ததே போதும் என்ற நினைப்பு. மாலதியிடமும் அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று எத்தனை நாள் கேட்டிருப்பேன்?

மதியத்துக்குள் மாற்றி எழுதினேன். செஷனில் இனி வீட்டு எண் மட்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கவேண்டும், வேலை முடிந்ததும் விட்டுவிடவேண்டும். இடையில் யாராவது விவரத்தை மாற்றியிருந்தால் சேவ் ஆகாது.

மாலதிக்கு போன் போட்டேன். "இப்ப என் பேர எடு."

எடுத்தாள். தேவி பழைய திரையிலிருந்து சேவ் அழுத்தினாள். 'விவரம் மாறியுள்ளது, மீண்டும் திறக்கவும்' என்றது. திறந்தாள்.

"போயே போச்சுண்ணே!" என்று கைதட்டியவள், என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

"நீங்க பண்ணலன்னு நம்புறேன். சாரி," என்றாள் மாலதி போனில். அவ்வளவுதான். அதற்காகத்தானே போனேன்? ஆனாலும் மனசு என்னவோ போலிருந்தது.

கிளம்பி ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஆபீஸில் விட்டுவந்த லேப்டாப் சார்ஜர் ஞாபகம் வந்தது. திரும்பினேன். காலையில் இருந்த செக்யூரிட்டி ஷிப்ட் முடிந்து போயிருந்தார். புதியவர் கேட்டில் தடுத்தார்.

"எந்த வீடு சார்? பேரு?"

ஆபீஸ் என்று சொல்லியிருக்கவேண்டும். பழக்கதோஷம்... வீட்டு எண்ணையும் என் பெயரையும் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் தேடினார்.

"அந்த வீட்ல ஒரு ஆளுதான் சார். உங்க பேரு இல்லயே?"

அருமையாக வேலை செய்கிறது, நான் எழுதியது.