குறை சொல்லாத கூட்டம்

தேநீருக்கு நிற்காமல் படியிறங்கி, கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதை வழியே படகுத்துறைக்கு நடந்துகொண்டிருந்தேன். மாடியறையில் என் கட்டுரைக்கு அவர்கள் கைதட்டிய ஓசை இன்னும் காதில் இருந்தது.

எட்டுப் பேர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டம் அது. ஆறு மாதமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். அன்றுதான் என்னை வாசிக்கச் சொன்னார்கள். சரியாக அமைந்தால் ஒன்பதாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினேன். பத்து காவான் என்ற ஊரில் ஏஜெண்ட் ஒருவர் மூலம் ஒரு தொழிற்சாலை வேலை கிடைத்தும், ஞாயிறும் வரச் சொன்னதால் தள்ளிப்போட்டிருந்தேன்.

தலைவர் ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. அவர் கொடுத்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துத்தான் எழுதினேன். நானூறு வருடத்துக்கு முன் ஒரு டச்சுக் கவிஞர் ஆற்றோரக் கோட்டையில் அதிகாரியாக இருந்தார். கோடையில் நண்பர்களை அழைப்பார். கவிஞர்கள், பாடகிகள், கண்ணாடியில் எழுத்துச் செதுக்கும் பெண்கள் வருவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் தயவு பார்க்காமல் திருத்துவார். எங்கள் கூட்டத்தின் வழக்கமும் அவர்களைப் பார்த்து வந்ததுதான்: யார் வாசித்தாலும் மற்றவர்கள் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும்.

எனக்கு முன் ஒரு பேங்க் அதிகாரி கவிதை வாசித்தார்.

"அண்ணே, மழை மூணு தடவை பெய்யுது. வெள்ளம் வந்துரும்லா," என்றார் ஓர் ஆசிரியை. அதிகாரி சிரித்துக்கொண்டே இரண்டு மழையை அடித்தார்.

நான் முடித்ததும் கை தட்டினார்கள். பேனாவோடு காத்திருந்தேன். குறை சொல்லவில்லையா என்று நானே கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்கு தம்பி குறை? இவ்ளோ எழுதினதே பெரிசுலா," என்றார் தலைவர். அன்பாகத்தான் சொன்னார்.

அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போகும் படகில், நான் படிக்காமல் விட்ட கடைசி அத்தியாயத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்தேன். அந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே மேசையில் கூடியதே இல்லையாம். பிற்காலத்தார்தான் அப்படிச் சேர்த்து எழுதியும் வரைந்தும் விட்டார்களாம். நானோ அந்த மேசையை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். புத்தகத்தில் அந்த வரிகளின் கீழே தலைவருடைய பென்சில் கோடு இருந்தது.

என் தவறைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறார். பேங்க்காரர் எழுதியிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

கரையேறியதும் ஏஜெண்டுக்குப் போன் செய்து, ஞாயிறும் வருகிறேன் என்றேன். மறுநாள் காலை வேன் வந்து ஏற்றிக்கொண்டது. பத்து காவானில் பெட்டிகளை லாரியில் ஏற்றும் பகுதியில் சேர்ந்தேன். கொடுத்த பூட்ஸ் ஓர் அளவு பெரிது. மதியத்துக்குள் பழகிவிட்டது.