கிளட்ச் இல்லாத வண்டி

எங்கள் வீட்டில் பெரிய செலவு எதையும் உட்கார்ந்து முடிவு செய்ததே கிடையாது. நடந்துதான் முடிவு செய்வோம். வேங்கிக்காலில் மனை வாங்கியது, என்னைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தது, மாடிக்குப் படி கட்டுவதா வேண்டாமா என்பது, எல்லாமே எங்கள் ஊர் மலையைச் சுற்றி வந்த பிறகுதான் உறுதியாகும். "மலை சுத்திட்டு வந்து சொல்றேன்" என்று அம்மா சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கிரிவலம் போகும்போது கடவுளைத் தவிர வேறெதையும் நினைக்கக் கூடாது என்பார்கள். நாங்கள் செங்கல், சிமெண்ட், காலேஜ் ஃபீஸ் என்று பேசிக்கொண்டே நடப்போம். கடவுளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார், வேறு வழி?

அப்படி நடந்து முடிவு செய்ததிலேயே விசித்திரமானது, வீட்டுக்கு ஒரு கேம்ஸ் கம்ப்யூட்டர் வாங்கியதுதான். அதுவும் சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை, அன்றைக்கு இருந்ததிலேயே பெரியது. ஆசைப்பட்டது நானில்லை. வீட்டுக்கு நான் ஒரே பெண், வேறு பிள்ளைகளும் கிடையாது. ஆசைப்பட்டவர் எங்கள் அப்பா, தலை முழுக்க நரைத்த பிறகு.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். செங்கம் வழியாகப் பெங்களூர் போகும் வண்டி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ஒரு நாள் வீட்டில், ஒரு நாள் ரோட்டில். சர்க்கரை நோய் வந்து, இடது காலில் புண் ஆறாமல், இரண்டு விரலை எடுத்தார்கள். நடக்கலாம், சாய்ந்து சாய்ந்து நடந்தார். ஆனால் இடது கால் என்பது கிளட்ச் மிதிக்கிற கால். டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிற வேலை அது. கொஞ்ச நாள் பார்த்தார், பிறகு வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் அவரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஃபேன் சத்தம் போடுகிறது, குழம்பில் உப்பு ஜாஸ்தி, கேட்டைச் சாத்தத் தெரியவில்லை என்று நாள் முழுக்க நொய் நொய் என்று ஏதாவது ஒன்று. அம்மாவுக்கு அவரைத் தினமும் பகலில் பார்த்துப் பழக்கமில்லை.

நான் அப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் ஊருக்கு மெயில் அனுப்ப வருவார்கள். இணைப்பு கிடைக்கும்போது ஒரு ஊளைச் சத்தம் வரும், கரண்டு போனால் கடை முழுக்க ஒரே நேரத்தில் 'ஐயோ' என்று கேட்கும், எல்லா தேசத்துப் பாஷையிலும். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருடைய அக்கா மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய கம்ப்யூட்டர் ஒன்று கடையின் பின்பக்கம் இருந்தது. அதோடு ஒரு ஸ்டியரிங்கும், காலில் மிதிக்க இரண்டு பெடலும். லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, ஸ்கூல் விட்டு வரும் பையன்களிடம் காசு வாங்கிக்கொண்டிருந்தார் பாய்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக அப்பா வருவார். காத்திருக்கும் நேரத்தில் ஒருநாள் பாய், "டிரைவரே, சும்மா உக்காந்துனு இருக்கீங்களே, ஒரு வாட்டி ஓட்டித்தான் பாருங்க" என்றார். அப்பா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். காலால் கீழே துழாவினார்.

"கிளட்ச் எங்க பாய்?"

"இதுக்குக் கிளட்சே கெடையாது டிரைவரே. ரெண்டே பெடல்தான், வலது காலே போதும்."

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே இல்லை. கேட்டது நிஜம்தானா என்று பார்த்தார்.

வண்டியை எடுத்தார். எடுத்ததுமே மோதல். மறுபடி எடுத்தார், மறுபடி மோதல். அந்த விளையாட்டு ஏதோ வெளிநாட்டு ரோட்டில் நடப்பது, அங்கே எல்லாரும் வலது பக்கமாகப் போவார்கள். அப்பா இடது பக்கத்தை விடவே இல்லை. "எதிர்ல வர்றவன் பூரா ராங் சைடுல வர்றான், நான் இன்னா பண்றது?" என்று கோபப்பட்டார். பின்னால் நின்ற பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு தேசமே ராங் சைடில் வருகிறது, தான் ஒருவர்தான் ஒழுங்கு என்று அன்று முழுக்க நம்பினார் அப்பா.

மறுநாள் என்னை அழைக்க ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தார். அதற்கு அடுத்த நாள் மத்தியானமே வந்துவிட்டார். வலது பக்கம் பழகியதும் அவர் ஓட்டுவதைப் பார்க்கத் தனிக் கூட்டம் சேர்ந்தது. பையன்கள் வேகமாகப் போய் விழுவார்கள். இவர் வளைவுக்கு முன்பே குறைத்து, ஹாரன் அடித்து, அலுங்காமல் திருப்புவார். ஹாரன் சத்தத்துக்கு முன்பக்கம் மெயில் அடிக்கும் வெள்ளைக்காரம்மாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் உப்பைப் பற்றிய பேச்சு நின்றது.

எல்லாம் ஒரு மழைக்காலம் வரைதான். பிரவுசிங்குக்கு ஆள் கூடியதால் பின்பக்கத்தையும் தடுத்துச் சின்ன அறைகளாக்கப் போவதாகப் பாய் சொன்னார். கேம்ஸ் கம்ப்யூட்டரை அக்கா வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார்.

"ஏம்மா, அந்த மாதிரி ஒண்ணு நம்ம வீட்டுக்கு வாங்கினா இன்னா ஆவும்?"

அப்பா தனக்கென்று ஒன்று கேட்டு நான் கேட்டதே இல்லை. செருப்பு அறுந்தால்கூட அம்மாதான் வாங்கிவர வேண்டும்.

விசாரித்தேன். விலையைச் சொன்னதும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் காசுக்குப் பழைய ஆட்டோ ஒண்ணு வாங்கிடலாமே! அதுல கிளட்ச் கையிலதான இருக்குது? நாலு சவாரி ஓட்டினாலும் ஓட்டினதுதான்."

"பஸ் ஓட்டினவன ஆட்டோ ஓட்டச் சொல்றியா?" என்று அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டர் படித்தவள் நான், வாங்கலாமா கூடாதா என்று நான்தான் சொல்ல வேண்டும். குறைந்த விலையில் முடிக்கப் பார்த்தேன். கடையில் இருந்த சாதாரணக் கம்ப்யூட்டரில் அதே விளையாட்டைப் போட்டுப் பார்த்தால், லாரி போய் மலையில் மோதிய பிறகுதான் மலையே திரையில் வருகிறது. படத்தை வேகமாக வரைவதற்கென்று உள்ளே ஒரு கார்டு போட வேண்டும், அந்தக் கார்டின் விலையில் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கலாம். ஆக, வாங்கினால் பெரியது, இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். காசு என் கல்யாணத்துக்கு எடுத்து வைத்ததிலிருந்துதான் வர வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. அவ்வளவும் கொடுத்து வாங்கி, அது இரண்டு வருடத்தில் பழைய இரும்பாகிவிடுமே என்பதுதான் என் கவலை.

"மலை சுத்திட்டு வந்து சொல்றேன்" என்றார் அம்மா.

செருப்பில்லாமல் நடக்க அப்பாவின் காலுக்கு அனுமதி இல்லை. அதனால் முடிவு எடுக்கிற நடைக்கு முதல் தடவையாக அவரில்லாமல் நானும் அம்மாவும் மட்டும், விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். கேட் வரைக்கும் வந்த அப்பா, "எது சொன்னாலும் சரிதான். ஆனா நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்றார். குரலில் அவ்வளவு பணிவு. 

கோயிலிலிருந்து செங்கம் ரோடு வரைக்கும் அம்மா ஆட்டோ பேச்சை விடவில்லை. ஆசிரமம் தாண்டும்போது பெங்களூர் வண்டி ஒன்று எங்களை உரசுவதுபோலப் போனது. அம்மா ஒதுங்கி நின்று அண்ணாந்து டிரைவர் சீட்டைப் பார்த்தார். சின்ன வயதுக்காரன் ஒருவன் ஓட்டிப் போனான். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அடி அண்ணாமலை வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே மலை சுத்தும். உங்கப்பா ஸ்பெஷல் வண்டி ஓட்டினு இருப்பாரு. நான் தெருப் பொம்பளைங்களோட நடப்பேன். அந்தக் கூட்டத்துல நடக்கசொல்ல, இதுல எத்தினி ஜனத்த அவரு கொண்டாந்து எறக்கியிருப்பாருன்னு நெனச்சுக்குவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒரு கர்வம்டி எனக்கு."

"அது ரெண்டு வருஷத்துல பழசாயிடும்மா" என்றேன்.

"மனுஷன் மட்டும் ஆவமாட்டாரா?" என்றார் அம்மா. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மீதி தூரத்துக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

கம்ப்யூட்டர் சென்னையிலிருந்து பஸ்ஸில்தான் வந்தது. கண்டக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவர், மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தார். அப்பா பெட்டிக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். சக்கரம் இல்லாத வண்டிக்கு எங்கே வைத்து நசுக்குவது என்று யோசித்துவிட்டு, கடைசியில் பழத்தை ஸ்டியரிங்குக்குச் சுற்றித் தெருவில் போட்டார். மலை, பாலம், மழை எல்லாம் பாய் கடையில் பார்த்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவுக்கும் எனக்கும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதி.

கொஞ்ச நாள் தினமும் ஓட்டினார். பிறகு விட்டு விட்டு ஓட்டினார். பிறகு ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது கம்ப்யூட்டர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. ஹாலில் அதன் எதிரிலேயே அப்பா ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  கார்டு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ரிப்பேராப்பா?"

"சேச்சே. வண்டி நல்ல வண்டிம்மா. ஒரு குத்தம் சொல்ல முடியாது." ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினார். "காலி வண்டி ஓட்டற மாதிரியே இருக்குது. பாய் கடையில பசங்க பின்னால நின்னுனு கத்துவானுங்க. ஒருத்தன் தண்ணி கேப்பான், ஒருத்தன் சீக்கிரம் போவச் சொல்லுவான். இங்க திரும்பிப் பாத்தா செவுருதான். வித்துடலாம்மா. பெரிய செலவு வெச்சுட்டேன் உங்களுக்கு."

 எந்தக் கார்டு, எத்தனை பெரிய திரை என்றெல்லாம் அவ்வளவு பார்த்தேன். அவருக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை, மலையைச் சுற்றி வந்த அம்மாவும் யோசிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் சேரை இழுத்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போட்டார். அம்மாவுக்குப் பஸ் வாடையே ஒத்துக்கொள்ளாது, செங்கம் போவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அப்பா அத்தனை வருடம் ஓட்டிய பெங்களூர் வண்டியில் அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

"எடுங்க வண்டிய" என்றார்.

அப்பா துண்டை எடுத்து மடித்து வைத்தார். திரை வெளிச்சமானது. "எங்க போவணும்?"

"நீங்க போற ஊருக்குத்தான்."

அப்பா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே கிளப்பவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"ஒக்காந்துட்டியா?"

"ஒக்காந்துட்டேன், போலாம்" என்றார் அம்மா. அதற்குப் பிறகுதான் அப்பா வண்டியை எடுத்தார்.