சென்னையில் ஒரு கட்டில்

கல்கத்தாவில் தமிழ் பேசுகிற யாராக இருந்தாலும் அவர்களுக்குச் சென்னையில் ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு காலி அறையும், அந்த அறையில் விரித்துத் தயாராக ஒரு கட்டிலும் இருந்தே தீரும் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து அதைச் சிரித்துக்கொண்டே கேட்டு வந்திருக்கிறேன். போன வருடம்தான் சிரிப்பு நின்றது.

என் மகள் டிங்கி ஓட்டுகிறாள். ஓர் ஆள் மட்டும் உட்கார்ந்து ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு அது. எங்கள் பாலிகஞ்ச் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் ஏரி. ஏரிக்கரை கிளப்பில் சின்ன வயதிலிருந்தே பழகுகிறாள். பதினைந்து வயதைத் தாண்டிவிட்டால் அந்தப் படகில் போட்டிக்குச் சேர்க்க மாட்டார்கள். அதனால் சென்னைத் துறைமுகத்தில் நடக்கவிருந்த போட்டிதான் அவளுக்குக் கடைசி. அதுவோ கடல் தண்ணீர். எங்கள் ஏரியில் வாத்து நீந்தினால் எழும் அலைதான் உண்டு. நான்கைந்து நாள் முன்பே போய், காலையும் மாலையும் அந்தத் தண்ணீரில் ஓட்டிப் பழகினால்தான் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க முடியும் என்று கோச் சொல்லியிருந்தார். விடியும்போதே படகில் பாயைக் கட்டத் தொடங்கிவிட வேண்டும். ஆகவே தங்கும் இடம் துறைமுகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

பயணத்தையும் தங்குமிடத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்று கிளப்பில் பெற்றோர்கள் கூடிப் பேசினோம். டீயும் சிங்காடாவும் வந்தன, சிங்காடா என்றால் வங்காளத்துச் சமோசா. அரை மணி நேரம் எல்லோரும் காற்றைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு கிளப் செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். ரிட்டயரானவர், நல்ல மனிதர், பிள்ளைகளுக்கெல்லாம் காகு, அதாவது சித்தப்பா.

"பௌதி, சென்னை தோ ஆப்னாதேர் தேஷ்" என்றார். அண்ணி, சென்னை உங்கள் ஊராயிற்றே என்று அர்த்தம்.

உடனே எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. வேலை என் தலையில் கட்டப்பட்டுவிட்டது. நான் பிறந்தது திருச்சி. அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டை விற்றாயிற்று, அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். என் கணவரோ பிறந்து படித்ததெல்லாம் கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். மாமனார் அங்கே ஒர்க்ஷாப்பில் இருந்தவர். கணவருக்கு இப்போது கிடர்பூர் கப்பல் டாக்கில் உத்தியோகம். சென்னை எங்களுக்கு ரயில் மாறுகிற இடம். இதையெல்லாம் அன்று சொல்லியிருக்கலாம். ஆனால் திருச்சிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று சிங்காடா தின்றுகொண்டிருக்கிறவர்களிடம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

சரி, செய்வோம் என்று இறங்கினேன். ரயில் டிக்கெட் எடுத்தேன். படகைச் சென்னையில் வாடகைக்குத் தருவார்கள். பாய், பாய்மரம், சுக்கான் மூன்றையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். பாய்மரம் ஆளைவிட நீளம். பெட்டிக்குள் கீழ் பெர்த் அடியில் அது போகுமா என்று டேப் வைத்துக்கொண்டு ஹௌரா ஸ்டேஷனில் நின்ற ஒரு ரயிலில் ஏறி அளந்தேன். டி.டி.இ. என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகு லாட்ஜ். துறைமுகத்தைச் சுற்றியுள்ள இடங்களுக்கெல்லாம் போன் செய்தேன். எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கல்கத்தாவுலேருந்தா? பேஷண்ட் யாருங்க?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கிருந்து சென்னை போகும் ரயிலில் ஏறிப் பார்த்தால் தெரியும், பெட்டிக்குப் பெட்டி எக்ஸ்ரே கவரும் கையுமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். முழங்கால், கண், இதயம் என்று எது பழுதானாலும் வங்காளிக்குச் சென்னைதான். கடைசியில் ஒரு லாட்ஜ்காரர் பொறுமையாகக் கேட்டார். பேஷண்ட் இல்லை, படகு ஓட்டுகிற பிள்ளைகள் என்றேன். விடியற்காலையில் டீ கிடைக்குமா, ஈரமான பாயைக் காயப்போட மொட்டை மாடி தருவீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றவர் முடிக்கும்போது, "கல்கத்தாக்காரங்கன்னா நம்பவே முடியல, தமிழ் நல்லா பேசுறீங்களே" என்றார். நன்றி என்று போனை வைத்தேன். வேறென்ன சொல்வது?

மூன்று அறைகள் கிடைத்தன. பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று, கோச்சுக்கும் கூட வருகிற பெற்றோரில் ஒருவருக்கும் ஒன்று. அதற்கு மேல் அந்த லாட்ஜில் இடம் இல்லை. அக்கம்பக்கத்திலும் எல்லாம் மற்ற மாநிலத்துப் பிள்ளைகளால் நிரம்பிவிட்டன. செக்ரட்டரியிடம் விவரம் சொன்னேன். "பௌதி இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை" என்று மனதாரப் புகழ்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரையில் பிள்ளைகள் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கோச் என்னிடம் வந்து, "தினமும் காலையில் அவளை உங்கள் வீட்டிலிருந்து யார் கொண்டுவந்து விடுவார்கள்? லேட்டானால் நாங்கள் காத்திருக்க முடியாது" என்று கேட்டார்.

"எந்த வீட்டிலிருந்து?"

"சென்னை வீட்டிலிருந்துதான்."

விசாரித்ததில் வெளியே வந்தது. கமிட்டியில் ஒருவருடைய மாமியாருக்கு முழங்கால் வலி. சென்னையில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், அப்படியே மகாபலிபுரமும் பார்த்ததாக இருக்கும், குழு போகிற ரயிலிலேயே போனால் துணையாகவும் இருக்கும் என்று அந்த மாஷிமாவைச் சேர்த்துவிட்டார்கள்; வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டில் போதவில்லை. யாருடையதை எடுப்பது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. சென்னையில் சொந்த வீடு இருக்கிற பிள்ளை ஒருத்திதானே, அவளுடையதை எடுத்துவிட்டார்கள். நான் போன் செய்து, நான் கெஞ்சி, நான் வாங்கிய கட்டில். அதில் என் மகளுக்கு இடமில்லை.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. செக்ரட்டரியைத் தேடிப் போனேன். அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார்.

"தாதாவிடம் கேட்டுத்தானே செய்தோம். அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், பிரச்சினையே இல்லை என்றாரே."

தாதா என்றால் அண்ணன், அதாவது என் கணவர்.

வீட்டுக்கு வந்தேன். அவர் வெற்றிலைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தொட்டி திருச்சியிலிருந்து என்னோடு ரயிலில் வந்தது. என்னைவிட அவருக்குத்தான் அதன் மேல் பாசம்.

"மெட்ராஸ்ல நமக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டேன்.

அவர் மென்று விழுங்கினார். "நாலு பேர் முன்னாடி கேட்டாங்க. உங்களுக்கு அங்க சொந்தக்காரங்க இருப்பாங்களேன்னு. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே."

"யாருமே இல்லாத அநாதையா நாம? எங்க பெரியப்பா பையன் இருக்கான்ல. ஒரு போன் போட்டா முடிஞ்சுது."

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனாலும் நாட்காட்டி தமிழில்தான் மாட்டுவார், பொங்கலுக்குக் கரும்பு தேடிக் கரியாஹாட் சந்தை முழுக்க அலைவார், திருச்சிக்குப் புறப்பட்டாலே 'ஊருக்குப் போறோம்' என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். ஆபீசில் அவரை மதராசி என்பார்கள், சந்தோஷமாகத் தலையாட்டுவார். இதையெல்லாம் நானும் ரசித்தவள்தான். ஆனால் அந்தப் பெருமைக்கு என் மகளின் கட்டிலா விலை?

போனை ஸ்பீக்கரில் போட்டார். பெரியப்பா மகன் கூடுவாஞ்சேரியில் இருந்தார். நல்ல குரல்.

"அண்ணே, எவ்வளவு நாளாச்சு. என்ன திடீர்னு? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்லடா. பாப்பாவுக்குப் போட்டி, படகுப் போட்டி. ஒரு பத்து நாள் தங்குற மாதிரி வரோம்."

அந்தப் பக்கம் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"தாராளமா வாங்கண்ணே. ஆனா ஹார்பர் இங்கேருந்து ரொம்ப தூரமாச்சே. காலையில அவ எப்படிப் போவா? இங்க வேற ஒரே ரூம்தான், பெரியவனுக்கு பரீட்சை நடக்குது. ஒண்ணு பண்ணுங்க, பக்கத்துலயே எங்கயாவது ரூம் போட்டுக்கிட்டு, ஒருநாள் அவசியம் சாப்பிட வாங்க. கட்டாயம் வரணும்."

"அவசியம்டா. சாப்பிட வரோம்" என்றார் இவர். போனை வைத்துவிட்டு மறுபடியும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் நின்றது.

அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோபமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பாயின் கிழிசலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். கோபம் வந்தால் மட்டும் தமிழ் பேசுவாள்.

"எனக்கு தேஷ் வேண்டாம்மா. தண்ணிக்குப் பக்கத்துல படுக்கணும், அவ்ளோதான்" என்றாள். ஒட்டிய டேப்பைப் பிய்த்து, மறுபடி நேராக ஒட்டினாள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். என் கணவரும் வந்தார், நான் கூப்பிடவில்லை. அதே டீ, அதே சிங்காடா. முழங்கால் மாஷிமாவின் மருமகனும் இருந்தார். மகளின் கட்டில் திரும்ப வேண்டும் என்றேன். செக்ரட்டரி சங்கடப்பட்டார். மாஷிமா வயதானவர், டிக்கெட்டும் எடுத்தாயிற்று, உங்களுக்குத்தான் அங்கே வசதி இருக்கிறதே, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளக் கூடாதா என்றார். கூட்டத்தில் தலைகள் ஆடின. விட்டுக்கொடுக்காத பொம்பளை என்று அந்தத் தலைகளில் எழுதியிருந்தது.

நான் வங்காளத்திலேயே சொன்னேன், எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் புரியட்டும் என்று.

"ஒகானே ஆமாதேர் கேவு நேய்." அங்கே எங்களுக்கு யாரும் இல்லை.

யாரோ ஒருவர் சிரிக்கப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "வீடு இல்லை. காலி அறை இல்லை. என் கணவர் கரக்பூர்க்காரர். என் மகள் இந்த ஏரிக்காரி. அவள் போட்டிக்குப் போவது உங்கள் மாநிலத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு. ஓட்டும்போது வங்காளத்துப் பெண், தூங்கும்போது மட்டும் மதராசியா?"

செக்ரட்டரி மெல்ல என் கணவர் பக்கம் திரும்பினார். "தாதா, ஆனால் நீங்கள் அன்று..."

இவர் தன் கையிலிருந்த டீக் கோப்பையைப் பார்த்தார். அவ்வளவு பேர் நடுவில், என்னை ஒருமுறை பார்த்தார். "அவள் சொல்வது சரி. யாரும் இல்லை" என்றார்.

கட்டில் திரும்பி வந்தது. மாஷிமாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வேறு இடம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. முதலிலேயே அங்கே பார்த்திருந்தால் என்ன என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். மகள் வீட்டில் இரண்டு முறை குதித்தாள். என்ன சத்தம் என்று கீழ்வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கேட்டார்.

புறப்படும் வாரம் கரியாஹாட்டுக்குப் போனோம், பாய்மரத்தை வைக்க நீளமாக ஒரு கான்வாஸ் பை தைக்க. பெட்டி, பை எதுவானாலும் நாங்கள் வழக்கமாகப் போகிற கடைதான். கடைக்காரர் துணியை அளந்துகொண்டே, எப்போதும் கேட்கிறபடி கேட்டார், "தேஷே ஜாச்சேன், தாதா?" ஊருக்கா என்று.

இந்தக் கேள்விக்கு இவர் பதில் எனக்கு மனப்பாடம். ஆமாம், ஊருக்குத்தான் என்று ஆரம்பித்து வாழையிலைச் சாப்பாடு வரைக்கும் போய்த்தான் நிறுத்துவார். கடைக்காரரும் அதற்காகவே கேட்பார்.

"இல்லை" என்றார் அன்று. "வெளியூருக்கு. பெண்ணுக்குப் போட்டி. லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறோம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நான் கேட்டது ஒரு கட்டில். அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு அவரிடமிருந்து ஓர் ஊரையே வாங்கிக்கொண்டார்கள். அவரிடமிருந்து வாங்கி அவர்களிடம் கொடுத்தது நான்தான், மறுக்கவில்லை. மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த மாஷிமாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் என்னிடம் வந்து கேட்க வேண்டாம்.