அமெரிக்க நட்சத்திரமும் ஐந்து முனைத் தகடும்

2003ஆம் ஆண்டு, பர்மாவில், யாங்கோனில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய சமயம். நகரின் தாமுவே பகுதியில் என் நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில் இது நடந்தது.

நண்பர் என்னைவிட வயதில் நன்றாக மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். போட்டாதாங் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். போர்க்காலப் பதக்கங்களைச் சேர்ப்பது அவருக்குப் பித்து. யாங்கோனில் அது பெரிய அதிசயம் இல்லை. ஊருக்கு வடக்கே மாவ்பி பக்கம் வயலில் மண்வெட்டி போட்டால் இன்றும் துருப்பிடித்த தோட்டா ஏதாவது மேலே வரும். பிரிட்டிஷ், ஜப்பானியப் பதக்கங்கள் பழம்பொருள் கடைகளில் தட்டில் கொட்டிக் கிடக்கும். அண்ணன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவர் தேடியது ஒரே ஒரு வகை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவ அதிகாரிகளுக்கு அமெரிக்கா கொடுத்த பதக்கங்கள்.

அந்தப் போரில் இரண்டு நாடுகளும் ஒரே பக்கம் நின்றன. ஒரு நாட்டின் அதிகாரிகளுக்கு மற்ற நாடு பதக்கம் குத்திக் கௌரவித்தது. போர் முடிந்ததும் பகை வந்தது. அமெரிக்கப் பதக்கம் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமாகிப்போனதால், வாங்கியவர்கள் பெட்டிக்கு அடியில் ஒளித்தார்கள். சோவியத் நாடு உடைந்த பிறகுதான் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. போட்டாதாங்கில் சரக்கு இறக்க வந்த ருஷ்ய மாலுமிகளிடம் கைலியும் அரக்குப் பெட்டியும் கொடுத்து அண்ணன் இரண்டு மூன்று வாங்கியிருந்தார்.

“எனக்குப் பொறந்த நாள் எப்பன்னு கேளுங்க, தெரியாது” என்பார் அண்ணி. “எந்த ருஷ்யாக்காரனுக்கு எந்த அமெரிக்காக்காரன் என்னத்தக் குத்திவிட்டான்னு கேளுங்க, தூக்கத்துல சொல்வாரு.”

அதே தெருவில் ஒரு ருஷ்யப் பெண்மணி இருந்தார். அறுபதுகளில் லெனின்கிராடுக்குப் படிக்கப்போன பர்மிய இன்ஜினியரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘ருஷ்யா ஆன்ட்டி’. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்களிடம் பேரம் பேசும்போது அவருடைய பர்மிய மொழியில் வெளியூர் வாடையே இருக்காது. கணவர் இறந்துவிட்டார். ஆஸ்திரேலியாவில் இருந்த மகள் கூப்பிட்டதால் யாங்கோனை விட்டு ஒரேயடியாகக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். அதற்குள் அவருடைய அப்பாவின் பதக்கம் இருந்தது. வெள்ளை எனாமல் பூசிய நட்சத்திரம், சுற்றிலும் பச்சை இலை வளையம். அண்ணன் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கிய அமெரிக்கப் பதக்கம் அது. ஆன்ட்டி பணம் வாங்கவில்லை.

“என் மகளுக்கு இதுல ஆசை இல்ல. நீங்களே வச்சுக்கங்க, சயா” என்றார். படித்தவர்களை மரியாதையாக அப்படிக் கூப்பிடுவது இங்கே வழக்கம். “இதோட மதிப்பு தெரிஞ்ச ஆள் இந்தத் தெருவுல நீங்கதான்.”

அண்ணனுக்கு அன்று சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பதக்கத்தில் ஒரு குறை இருந்தது. அமெரிக்காவில் அது ஊதா கலந்த சிவப்பு நாடாவில், இரு ஓரங்களிலும் வெள்ளைக் கரையோடு தொங்கும். இதுவோ ஒரு ஐந்து முனைத் தகட்டிலிருந்து தொங்கியது. தகட்டைச் சுற்றி வெளிறிய ரோஜா நிறத் துணி ஒன்றைக் கையால் தைத்திருந்தார்கள். தையல் கோணலாக இருந்தது.

பதக்கம் சேகரிப்பவர்கள் மத்தியில் இதற்கு மன்னிப்பே கிடையாது. ஒவ்வொரு பதக்கத்துக்கும் அதற்குரிய நாடா உண்டு. வேறு நாடா இருந்தால் யாரோ கெடுத்த பண்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அண்ணனிடம் சரியான நாடா ஏற்கெனவே இருந்தது. கப்பலில் வேலை செய்த அவருடைய மருமகன் எங்கோ வாங்கி வந்தது. அவர் சின்னக் குறடால் வளையத்தைத் திறந்து தகட்டைக் கழற்றியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. எனக்கும் அது சரியாகவே பட்டது. புது நாடாவில் தொங்கிய நட்சத்திரம் அச்சடித்த படம் போல இருந்தது.

விமானத்துக்கு முந்தைய நாள் காலையில் ஆன்ட்டி விடைபெற வந்தார். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“கடைசியா ஒருதரம் அப்பாவைப் பாத்துட்டுப் போறேன்” என்றார் ஆன்ட்டி.

அண்ணன் கண்ணாடி மூடி போட்ட பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திவந்து அவர் மடியில் வைத்தார். ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அழகா இருக்கு. என் அப்பாவோடது எங்க?”

“இதான், ஆன்ட்டி.”

“இல்ல. இது கடையில இருக்கறது.”

அண்ணன் சிரித்துக்கொண்டே, பழைய நாடா தவறானது என்றும், தான் அதைச் சரிசெய்துவிட்டதாகவும் விளக்கினார். பாதியிலேயே அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

அவருடைய அப்பா வடக்கே ஒரு பனித் துறைமுகத்தில் பீரங்கிப் படை அதிகாரி. அமெரிக்கச் சரக்குக் கப்பல்கள் குண்டுவீச்சுக்கு நடுவே கரை சேரும்வரை காவல் காத்தவர். நட்சத்திரம் அதற்காகக் கிடைத்தது. பகை வந்த காலத்தில் ஆன்ட்டியின் அம்மா பயந்துபோய் அமெரிக்க நாடாவை அடுப்பில் போட்டு எரித்தார். நட்சத்திரத்தை மட்டும் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்தார். வருஷங்கள் கழிந்தன. மகள் ஒரு பர்மாக்காரனைக் கட்டிக்கொள்ளப்போவதாக வந்து நின்றாள்.

“மாப்பிள்ளை வெளிநாடு, நானும் வெளிநாட்டுப் பதக்கத்தைப் போட்டுக்கிறேன்னு அப்பா சொன்னார்” என்றார் ஆன்ட்டி. “எங்க ராணுவத்துல பதக்கம்னா ஐந்து முனைத் தகட்டுலதான் தொங்கணும். தகரத்தை வெட்டி அவரே பண்ணார். துணி கிடைக்கல. எரிச்சது நான்தானேன்னு அம்மா தன்னோட நல்ல சட்டையை வெட்டித் தச்சுக் கொடுத்தா. அம்மாவுக்குத் தையல் வராது. அந்த ஒரு நாள்தான் அப்பா அதைப் போட்டுக்கிட்டார், என் கல்யாணத்தன்னிக்கு.”

அண்ணன் எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு அலமாரி, பிறகு கருவிகள் இருந்த தகரப் பெட்டி. அந்தத் தகடு எங்கும் இல்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாடா மாற்றிய அன்றே அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். இருந்தும் தேடிக்கொண்டே இருந்தார்.

அண்ணி இத்தனை நேரம் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனார். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“இதுவா பாருங்க, ஆன்ட்டி. இவரு குப்பையில போட்டிருந்தாரு. பின்னால நல்ல ஊக்கு இருந்துச்சு. சாமி அலமாரித் திரை காத்துல பறக்குதுன்னு அதுல குத்தி வச்சேன்.”

ரோஜா நிறத் துணியின் ஓரத்தில் சந்தனக் கறை இருந்தது. ஊதுபத்திப் புகையில் துணி இன்னும் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆன்ட்டி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கோணல் தையல் மேல் விரலை ஓட்டினார். திடீரென்று சத்தமாகச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

“என் அம்மா பயந்தவ. சாமி கும்பிடறவன்னு அரசாங்கம் சந்தேகப்படும்னு, கோயில் இருக்கற தெருவுலகூட நடக்கமாட்டா. அவ சட்டை இத்தனை நாளா உங்க சாமி முன்னால நின்னிருக்கு.”

அண்ணன் பெட்டியிலிருந்து நட்சத்திரத்தை எடுத்து, புது நாடாவிலிருந்து அதைப் பிரிக்கப் போனார்.

“ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, ஆன்ட்டி. எனக்கு வேணாம்.”

ஆன்ட்டி அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பேசாம இருங்க, சயா. நட்சத்திரம் அமெரிக்கா என் அப்பாவுக்குக் கொடுத்தது. அதுக்கு இந்த நாடாதான் சரி, நீங்க தப்புப் பண்ணல. உங்ககிட்டயே இருக்கட்டும்.” தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இது என் அம்மா அப்பாவுக்குக் கொடுத்தது. இதை மட்டும் நான் எடுத்துக்கிறேன்.”

கம்பளிச் சட்டையின் உட்புறத்தில் அதைக் குத்திக்கொண்டார். அண்ணிக்கு வேறு கவலை.

“அப்ப என் திரைக்கு?”

ஆன்ட்டி தன் கழுத்துத் துணியில் இருந்த புரூச் ஊக்கைக் கழற்றி அண்ணியின் கையில் வைத்து விரல்களை மூடினார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். அண்ணன் பெட்டியை மடியில் வைத்தபடி தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் சைக்காக்காரரிடம் ஆன்ட்டி வழக்கம்போல் கட்டணத்துக்குச் சண்டை போடுவது உள்ளே கேட்டது.

அதன் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. நான் இன்றும் பிழை திருத்தித்தான் பிழைக்கிறேன். ஆனால் ஒருவர் வீட்டில், ஒருவர் வாழ்க்கையில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால், அதை நிமிர்த்தக் கை நீட்டுவதற்கு முன், இதை இப்படித் தைத்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.